தீவனத்தில் தைலம்: சென்னையில் கோழி, மாடு வளர்ப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

செங்குன்றத்தில் எங்கள் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் காலையில் வேலியோரம் வந்து நின்று, "யாருக்குத் தம்பி பல்வலி?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை. அறுபது நாட்டுக்கோழிகளுக்காக நான் முந்தின நாள் கலந்துவைத்த தீவனத்தின் கிராம்பு வாசம்தான் அவர் வீட்டுச் சமையலறை வரை போயிருந்தது. அங்கே வாசம் தூக்கியது போல இங்கே கோழிகளுக்கும் தூக்கியது. தட்டருகே வரும், ஒரே ஒரு கொத்து கொத்தும், தலையை உதறும், அலகைத் தரையில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டு நடையைக் கட்டும். மாலையில் பார்த்தால் ஃபீடர் காலையில் நிரப்பியபடியே இருந்தது. இரவு கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 25 கிலோவுக்கு 2.5 கிராம் எண்ணெய் போட வேண்டிய இடத்தில் 25 கிராம் போட்டிருக்கிறேன்.

அந்த ஒரு புள்ளிக்காகத்தான் இந்தக் கட்டுரை. தீவனத்தில் தாவரத் தைலம் சேர்ப்பதைப் பற்றி "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எவ்வளவு, எப்படி, எப்போது வேண்டாம் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் குறைவு.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

ஓமம், கிராம்பு, பட்டை, புதினா, யூகலிப்டஸ் மாதிரியான வாசனைச் செடிகளை ஆவியில் வடித்து எடுக்கும், காற்றில் பறந்துபோகிற எண்ணெய்தான் இங்கே பேச்சு. செக்கில் ஆட்டும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வகை அல்ல. கடைத்தெருவில் தைலம் என்பார்கள், வாசனை எண்ணெய் என்பார்கள், வெறும் ஆயில் என்பவர்களும் உண்டு. நான் தைலம் என்றே எழுதுகிறேன்.

ஒவ்வொன்றின் வேலையையும் அதற்குள் இருக்கும் ஒன்றிரண்டு பொருள்களே பெரும்பாலும் செய்கின்றன. ஓமத்தின் அந்தக் காரமான வாசத்துக்குக் காரணம் தைமால். கிராம்பில் யூஜெனால், பட்டையில் சின்னமால்டிஹைடு. வெளிநாட்டுத் தீவனத் தயாரிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் ஆரிகனோ என்ற செடியில் கார்வக்ரால். ஆரிகனோவை நாம் பீட்சாவோடு வரும் சின்னப் பொட்டலத்தில் பார்த்திருப்போம், அவ்வளவுதான். ஆனால் கார்வக்ராலும் தைமாலும் நம் வீட்டு மாடித் தொட்டியில் சளிக்காக வளர்க்கும் கற்பூரவல்லி இலையிலும் உண்டு. ஓமவல்லி என்று அதற்கு இன்னொரு பெயர் வைத்தவர் மூக்கு சரியான மூக்கு.

இந்தப் பொருள்கள் கொழுப்போடு ஒட்டும் குணமுள்ளவை. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அதில் இவை புகுந்து இளக்கிவிட, உள்ளே இருப்பது கசிந்து பாக்டீரியா நலிகிறது. கூடவே உமிழ்நீரையும் செரிமான நொதிகளையும் கொஞ்சம் தூண்டுகின்றன. தீவனத்திலுள்ள கொழுப்பு சீக்கிரம் காறிப்போகாமல் இருக்கவும் ஓரளவு உதவுகின்றன.

இதற்கு இப்போது திடீரென்று ஏன் இவ்வளவு மவுசு? 1950-களிலிருந்து கோழி, பன்றி, மாட்டுத் தீவனத்தில் நோய் இல்லாதபோதும் வளர்ச்சிக்காகச் சிறு அளவில் ஆன்டிபயாடிக் கலந்து வந்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதும் நாடுகள் ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கின. சுவீடன் 1986-லேயே தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை அடியோடு நிறுத்தியது. இந்தியாவில் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கவும் விற்கவும் மத்திய அரசு தடை விதித்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து அது. இப்படி விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் தைலம், அமிலம், நல்ல பாக்டீரியா என்று பல சரக்குகள் சந்தைக்கு வந்தன.

விற்பவர் "ஆன்டிபயாடிக்குக்குப் பதில் இது" என்றால் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குடலை ஓரளவு சீராக வைக்க உதவும் சேர்மானம் இது. ரத்தக் கழிச்சல் வந்த கோழியைத் தைலம் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருந்தால் மறுநாள் குழி தோண்டத்தான் வேண்டியிருக்கும்.

தைலத்துக்கு முன்னால் தண்ணீர்

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஆயில் நல்லது?" என்பது. நான் முதலில் தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்க்கச் சொல்வேன். விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் தைலத்துக்கு வைத்த காசில் ஒரு பிரஷ்ஷும் ப்ளீச்சிங் பவுடரும் வாங்குங்கள். அப்புறம் ஆழ்கூளம், அதாவது கொட்டகைத் தரையில் பரப்பியிருக்கும் உமி, மரத்தூள் படுக்கை. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கிறதா? ஈரம் அதிகம். கிளறி உலர்த்த வேண்டும், மோசமாக இருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவதாகத் தீவனம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையைச் சுற்றி எந்தக் கொட்டகையிலும் மூட்டை அடியில் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சை வந்தால் அதிலிருந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும். பூஞ்சை வளர்வதைத் தைலம் கொஞ்சம் தடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே உண்டாகிவிட்ட நஞ்சை அது ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், பூஞ்சை நாற்றத்தைக் கிராம்பு வாசம் மூடிவிடும், நமக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. பூஞ்சை நாற்றம் அடிக்கும் மூட்டையில் தைலம் கலந்து "சரிசெய்து" போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் தைலத்தால் கிடைக்கும் பலன் சிறியதாகத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

தூளா, ரெடிமேடா, தைலமா

மூன்று வழிகள் இருக்கின்றன. நான் மூன்றாவதில் ஆரம்பித்து உதைபட்டேன். நீங்கள் முதலாவதில் ஆரம்பியுங்கள்.

முதலாவது, மளிகைக் கடைப் பொருளையே அரைத்துப் போடுவது. ஓம விதையில் எடைக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை தைலம் இருக்கும். 3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தீவனத்தில் 5 கிராம் ஓமத்தூள் கலந்தால் உள்ளே போகும் தைலம் 0.15 கிராம், அதாவது 150 மில்லிகிராம். கடையில் விற்கும் பல தயாரிப்புகள் கொடுக்க நினைக்கும் அளவும் ஏறக்குறைய அதேதான். கிராம்பில் தைலம் 15 முதல் 20 விழுக்காடு வரை உண்டு என்பதால் கிலோவுக்கு ஒரு கிராம் தூளே தாராளம். தூளில் கை தவறி இரண்டு மடங்கு போட்டாலும் பெரிய விபத்து வராது. புது ஓமமாக வாங்குங்கள். கசக்கி முகர்ந்தால் மூக்கில் ஏற வேண்டும். வெயிலில் காயப்போட வேண்டாம், காரம் பறந்துவிடும். மிக்சி சூடாகாமல் விட்டுவிட்டு அரையுங்கள். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் போதும்.

கற்பூரவல்லி இலையைப் பொடியாக நறுக்கிக் குருணையோடு போடுவதும் நல்லதுதான், கோழிகள் விரும்பிக் கொத்தும். ஆனால் பச்சை இலையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அதைத் தைலக் கணக்கில் சேர்க்காதீர்கள், கீரைக் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் பொடி. இதில் தைலத்தை மாவிலோ கொழுப்பிலோ பொதிந்து வைத்திருப்பார்கள். இப்படிப் பொதிவது வீண் அலங்காரம் கிடையாது. பொதியாத தைலம் இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே உறிஞ்சப்பட்டுவிடும். தொல்லை கொடுக்கும் கிருமிகளோ இன்னும் கீழே இருக்கின்றன. அங்கே வரை போய்ச் சேர ஒரு உறை தேவை. மாவைச் சின்னக் குச்சிகளாக அழுத்தும் பெல்லட் தீவன ஆலையில் நீராவி விட்டு 70, 80 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள், உறை இல்லாத தைலம் அந்தச் சூட்டில் கணிசமாகப் பறந்துவிடும். வாங்கும்போது பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: எந்தத் தைலம், நூற்றுக்கு எவ்வளவு, டன்னுக்கு எத்தனை கிராம் பொடி, தயாரித்த மாதம். "மூலிகைச் சாறுகள்" என்று மட்டும் போட்டுவிட்டு அளவு போடாத பையை நான் வாங்குவதில்லை.

மூன்றாவது, பாட்டில் தைலம். எடை, கணக்கு, கலவை மூன்றிலும் கை பழகிய பிறகு இதற்கு வரலாம்.

பாரிமுனையில் வாங்கும்போது

சென்னையில் தைலம் வாங்க நேராகப் பாரிமுனைதான். நாட்டு மருந்துச் சரக்குக்கு ராசப்பச் செட்டித் தெரு, எசென்ஸ், ரசாயனம், தைலம் வகைக்கு நைனியப்ப நாயக்கன் தெரு. காலை பதினொரு மணிக்குள் போனால் கடைக்காரருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும். அதற்கப்புறம் லோடு இறங்க ஆரம்பித்துவிடும், நிற்கக்கூட இடம் கிடைக்காது.

அங்கே நம் தமிழே நம்மைக் கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. லவங்கம் என்றால் கிராம்பு. லவங்கப்பட்டை என்றால் பட்டை. "லவங்க ஆயில்" என்று கேட்டு, எதையாவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். லேபிளில் க்ளோவ் என்றிருக்கிறதா, சின்னமன் என்றிருக்கிறதா பாருங்கள். சின்னமன் என்றாலும் கதை முடியவில்லை. பட்டை மரத்தின் இலையில் வடித்த தைலத்தில் யூஜெனால்தான் அதிகம், அதாவது குணத்தில் அது கிராம்புக்குத் தங்கச்சி. மரத்தோலில் வடித்ததில்தான் சின்னமால்டிஹைடு. ஒரே மரம், இரண்டு பாட்டில், இரண்டு வேலை.

இன்னொன்று, கற்பூரவல்லி வேறு, கற்பூரம் வேறு. பூஜைக்கு ஏற்றும் கற்பூரத்தைத் தீவனத்தில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, அது உள்ளே போனால் நஞ்சு. மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலிக்கு விற்கும் தைலங்களும் அப்படித்தான். அவற்றில் கற்பூரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்திருக்கும். அவை மேலுக்குப் பூச மட்டும்.

பாட்டில் வாங்கும்போது தாவரத்தின் பெயர், எந்தப் பாகத்தில் வடித்தது, பேட்ச் எண் மூன்றும் இருக்க வேண்டும். "பெர்ஃப்யூம் ஆயில்", "ஃப்ராக்ரன்ஸ்" என்று இருந்தால் அது ஊதுவத்திக்கு, வாய்க்குள் போக அல்ல. சமையல் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். யூகலிப்டஸ் சீக்கிரம் பறந்துவிடும், கிராம்பு, பட்டை கனமானவை, மெதுவாகப் போகும். மறுநாளும் பஜ்ஜி மடித்த தாள் மாதிரி பளபளவென்று கறை நின்றால் கலப்படம். ஆனால் செயற்கை வாசனையைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு ஜி.சி. ரிப்போர்ட் கேட்க வேண்டும், தைலத்துக்குள் எது எத்தனை விழுக்காடு என்று அதில் அச்சாகியிருக்கும். கேட்டதும் எடுத்துக் காட்டும் கடைக்குத்தான் நான் மறுபடியும் போகிறேன்.

பாரிமுனை வரை வந்துவிட்டீர்கள், கையோடு 0.01 கிராம் வரை காட்டும் குட்டி எலெக்ட்ரானிக் தராசையும் வாங்கிவிடுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி உள்ளங்கை அளவில் கிடைக்கும். இது இல்லாமல் பாட்டில் தைலத்தைத் தொடவே வேண்டாம்.

கணக்கு

பாட்டில் தைலத்துக்குப் பொதுவாகப் பேசப்படும் அளவு டன் தீவனத்துக்கு 50 முதல் 300 கிராம் வரை. பி.பி.எம். என்று எழுதியிருந்தாலும் அதே எண்தான். 100 பி.பி.எம். என்றால் டன்னுக்கு 100 கிராம், கிலோவுக்கு 100 மில்லிகிராம். புதியவர்கள் 100-க்கு மேல் போக வேண்டாம், 50-ல் தொடங்கினாலும் தப்பில்லை.

டன்னுக்கு 100 கிராம் என்றால் பத்து கிலோவுக்கு 1 கிராம். இந்த ஒரு வரியைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வரும். 25 கிலோவுக்கு 2.5. ஐம்பது கிலோ மூட்டைக்கு 5. நான் சுவரில் எழுதாமல் மனசில் எழுதினேன்.

சொட்டுக் கணக்கு வேண்டாம், பாட்டில் வாய்க்குத் தகுந்தபடி சொட்டு மாறும். மில்லிக் கணக்கும் கொஞ்சம் ஏமாற்றும். கிராம்புத் தைலம் ஒரு மில்லி ஒரு கிராமைவிடச் சற்று அதிகம் நிற்கும், யூகலிப்டஸ் 0.9 கிராம்தான் நிற்கும். எடை போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ரெடிமேட் பொடியில் இன்னொரு குழி இருக்கிறது. "டன்னுக்கு 500 கிராம்" என்று பையில் போட்டிருந்தால் அது பொடியின் எடை. அதற்குள் தைலம் பத்தில் ஒரு பங்கு மட்டும் இருக்கலாம். பொடிக்குச் சொன்ன அளவைப் பாட்டில் தைலத்துக்கு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கோழிகளும் அலகைத் தேய்த்திருக்கும்.

கலப்பது

25 கிலோ மாவுத் தீவனத்துக்கு நான் இப்போது செய்யும் முறை இது.

கையுறை முதலில். நீல நிற நைட்ரைல் கையுறை நல்லது, சாதாரண ரப்பர் கையுறை தைலம் பட்டால் இளகிவிடும். பட்டைத் தைலம் தோலில் பட்டால் எரியும். பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவுவதற்கு முன் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் சோப்பு போடுங்கள். அந்தக் கையோடு கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சின்னக் கண்ணாடி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி 2.5 கிராம் தைலம் விடுங்கள். கண்ணாடி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை கல்யாண வீட்டில் மிஞ்சிய பிளாஸ்டிக் டம்ளரில் கிராம்புத் தைலத்தை ஊற்றிவிட்டு ஃபோன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்து தூக்கினால் அடிப்பாகம் கொழகொழவென்று கையோடு வந்தது. தெர்மாகோல் கப் இன்னும் சீக்கிரம் கரையும்.

அதே டம்ளரில் ஐம்பது மில்லி தவிட்டு எண்ணெய் ஊற்றிக் கலக்குங்கள். தைலம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். 2.5 கிராமை 25 கிலோவில் நேராகப் பரப்ப முடியாது, இப்படிப் பெருக்கிக்கொண்டால் முடியும்.

ஒரு எவர்சில்வர் பேசினில் அரைக் கிலோ தவிடு. எண்ணெய்க் கலவையை நூலாக ஊற்றிக்கொண்டே, புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அதே மாதிரி விரலால் பிசிறுங்கள். ஈரக்கட்டி ஒன்றுகூட நிற்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மாவுச் சல்லடையில் ஒரு தடவை சலித்துவிடுங்கள். கட்டியாக நின்ற இடத்தைக் கொத்தும் கோழிக்குத்தான் பத்து கோழியின் பங்கும் போகும்.

இந்த அரைக் கிலோவை இரண்டு கிலோ தீவனத்தோடு சேர்த்துக் கலக்குங்கள். அதை இன்னொரு ஐந்து கிலோவோடு. கடைசியில் தார்ப்பாயில் கொட்டி மீதியோடு சேர்த்து, தார்ப்பாயின் நான்கு முனைகளையும் மாற்றி மாற்றித் தூக்கி ஐந்தாறு தடவை புரட்டுங்கள். ஒரே தடவையில் மொத்தத்தையும் கொட்டிக் கிளறினால் கை வலிக்கும், கலவை சேராது. முடித்ததும் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். மூக்கு ஆய்வகம் இல்லைதான், ஆனாலும் ஒரு மூலையில் வாசமே இல்லையென்றால் கண்டுபிடித்துவிடும்.

கடையில் வாங்கும் பெல்லட் தீவனத்தோடு என்றால், எண்ணெய்க் கலவையைச் சின்ன ஸ்ப்ரேயரில் ஊற்றி, பெல்லட்டைப் பரப்பிப் பூப்போலத் தெளித்துப் புரட்டலாம். மாவில் வரும் சீர் இதில் வராது.

தீவனத்தை விட்டுத் தண்ணீரில் கலப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். தைலம் மேலே மிதக்கும், முதலில் குடிக்க வந்த கோழியின் வாய் வெந்துபோகும். தண்ணீருக்கென்றே தயாரித்த திரவங்கள் தனியாகக் கிடைக்கின்றன, வேண்டுமென்றால் அவற்றை வாங்குங்கள்.

கொடுக்கத் தொடங்குவது, பலனைப் பார்ப்பது

முதல் மூன்று நாள் கால் பங்கு அளவு, அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு, அப்புறம் முழு அளவு. ஒவ்வொரு நாளும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எடை போடுங்கள். வழக்கத்தைவிட மிஞ்சினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். எல்லாக் கோழிக்கும் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து "இறகு பளபளப்பாக இருக்கிறது" என்பார்கள். ஒரு மாதத்தில் குஞ்சு எப்படியும் வளரும், இறகும் எப்படியும் வரும். கொட்டகையின் நடுவே வலை கட்டி இரண்டாகப் பிரியுங்கள். ஒரே வயது, ஒரே கூளம், ஒரே தீவன மூட்டை. ஒரு பக்கம் தைலம் உண்டு, மறுபக்கம் இல்லை. தைலம் கலக்காத பக்கத்துக்கும் அதே அளவு தவிட்டு எண்ணெயும் தவிடும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயால் வந்த எடையைத் தைலத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சேவலும் பெட்டையும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். இருபத்தைந்து குஞ்சில் ஒரு பக்கம் நாலு சேவல் கூடுதலாக இருந்தாலே எடை அந்தப் பக்கம் சாயும். பத்துப் பத்தாகச் சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்துத் தொடக்க எடையை எழுதுங்கள், நாலு வாரம் கழித்து மறுபடியும். ஒரு பக்கம் தின்றது 40 கிலோ, ஏறிய எடை 10 கிலோ என்றால் நாற்பதைப் பத்தால் வகுத்து 4. இதைத்தான் எஃப்.சி.ஆர். என்கிறார்கள், எண் குறைய குறைய நல்லது. இரண்டு பக்கத்துக்கும் 0.1 வித்தியாசம் வந்தால் மகிழ்ந்துபோக வேண்டாம், அடுத்த ஈட்டிலும் அதே பக்கம் முந்துகிறதா பாருங்கள். எச்சத்தின் ஈரம், இறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை இரண்டையும் சேர்த்து எழுதினால் எடையில் தெரியாதது அங்கே தெரியும்.

என் கொட்டகையில் வளர்ந்த கோழிகளிடம் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை. குஞ்சுகளிடம் முதல் ஐந்து வாரத்தில் எச்சம் கெட்டியாக இருந்தது. அதனால் இப்போது குஞ்சுகளுக்கு மட்டும் ஓமத்தூள் போடுகிறேன்.

மாட்டுக்கு

மாடு வேறு கணக்கு. அதன் முதல் இரைப்பையே ஒரு நொதிக்கும் தொட்டி, உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைச் செரித்துக் கொடுக்கின்றன. அவற்றைக் கொல்லும் அளவுக்குத் தைலம் போட்டால் நார் செரிக்காது, தீனி குறையும், பால் இறங்கும். அளவோடு போட்டால் தீவனப் புரதத்தை வீணாக அம்மோனியாவாக உடைக்கும் சில வகை பாக்டீரியாக்கள் மட்டும் அடங்குகின்றன. ஏப்பத்தில் போகும் மீத்தேனும் சில கலவைகளில் குறைகிறது. மாட்டுக்கென்று விற்கும் தைலக் கலவைகளில் நாளொன்றுக்கு மாட்டுக்கு 1 கிராம் என்ற அளவு சகஜம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்து கிலோ அடர் தீவனம் வைக்கிறீர்கள் என்றால் அந்த ஐந்து கிலோவுக்கு அந்தக் கலவை ஒரு கிராம், அவ்வளவுதான். நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும் என்பதால் முதல் வாரப் பாலை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஒரு மாதமாவது பாருங்கள்.

பால் கறந்த பிறகு வையுங்கள், கறப்பதற்கு முன் வேண்டாம். பூண்டு, வெங்காயம் மாதிரி காரமான வாசம் சில மணி நேரத்திலேயே பாலில் ஏறிவிடும். மாதவரம், அம்பத்தூர் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் காபியில் பூண்டு வாசம் வந்தால் மறுநாள் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

ஆட்டுக்கும் இதே எச்சரிக்கைதான், அளவு மட்டும் உடல் எடைக்குத் தகுந்தபடி குறையும். பால் மட்டும் குடிக்கும் கன்றுக்கும் குட்டிக்கும் வேண்டாம். சினையாக இருப்பவற்றுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

வைத்திருப்பது, நிறுத்துவது

பாட்டில் பழுப்பு நிறக் கண்ணாடியில், இறுக மூடி, வீட்டுக்குள் இருட்டான அலமாரியில். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக் கொட்டகைக்குள் தைலத்தை விட்டுவைப்பது பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மூடியைத் திறந்துவைப்பது போலத்தான். கலந்த தீவனம் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், மூடியுள்ள டிரம்மில் வைக்க வேண்டும்.

கோழிக்கு லசோட்டா (வெள்ளைக் கழிச்சலுக்கானது) மாதிரி உயிருள்ள தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பிருந்தே தண்ணீரில் எந்தச் சேர்மானமும் கூடாது. தீவனத் தைலத்தையும் அன்று நிறுத்திவைப்பது என் வழக்கம். வேறு மருந்து ஓடிக்கொண்டிருந்தால், மருந்து எழுதியவரிடம் தைலத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

கேட்க இடம் இல்லாத ஊரா இது? வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மருத்துவமனையும் அங்கேயே. மாதவரம் பால்பண்ணையில் 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். தீவனம் பற்றி மட்டும் என்றால் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம். ஆனால் பூந்தமல்லி சாலையில் இருக்கும் காட்டுப்பாக்கத்தில் இறங்கித் தேடாதீர்கள், இது காட்டாங்கொளத்தூர் பக்கத்துக் காட்டுப்பாக்கம். ஆட்டோக்காரரிடம் அதைச் சொல்லியே ஏறுங்கள். போகும்போது வாங்கிய பாட்டிலையோ பையையோ கையோடு எடுத்துப் போங்கள், "ஏதோ மூலிகை ஆயில்" என்றால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, பத்து மடங்கு தைலம் ஏறிய அந்த 25 கிலோவை என்ன செய்தேன்? கொட்ட மனசு வரவில்லை. டிரம்மில் போட்டு மூடிவிட்டு, தினமும் அதில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு வெறும் தீவனத்தோடு கலந்து வைத்தேன், கோழிகள் முணுமுணுக்காமல் தின்றன. மூன்றாவது வாரம் ஒரு நாள் டிரம்மைத் திறந்து முகர்ந்தால் கிராம்பு வாசம் லேசாகத்தான் இருந்தது. தினம் திறந்து மூடியதில் பெரும்பகுதி பறந்திருந்தது. மீதியை ஒன்றுக்கு ஒன்று என்று கலந்து சில நாளில் தீர்த்துவிட்டு, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தேன்.